தப்பித்த நெல்

முதலில் துரு வாசனைதான் வந்தது. உங்கள் டிரங்குப் பெட்டியில், பழைய வேட்டிக்கு அடியில், நெல் பூவைத் திறக்கிற அந்தச் சின்னச் சாமணம் கிடந்தது. நீங்கள் கண்மூடி வருஷமாகிறது, பெட்டியை ஒழிக்கலாம் என்று நம் மகள் நச்சரித்ததால் திறந்தேன். திறக்காமலே இருந்திருக்கலாம்.

நாம் இந்தத் தீவுக்கு, டெய்ரி ஃபார்ம் குவார்ட்டர்ஸுக்கு வந்த வருஷமே வண்டூர்ப் பக்கத்து வயல்களில் குலைநோய். இலையில் கண் கண்ணாகப் புள்ளி விழும், பிறகு கதிரின் கழுத்து கறுத்து எல்லாம் பதராகும். அதைத் தாங்குகிற நெல்லை உண்டாக்கத்தான் உங்களைக் கப்பலேற்றி அனுப்பினார்கள். உங்களுக்கோ கை நடுக்கம். பூவுக்குள் இருக்கும் மகரந்தப் பைகளை நசுக்காமல் எடுக்க வராது. "நீயே வா, உன் கைதான் லாயக்கு" என்று விடியற்காலையில் வயலுக்குக் கூட்டிப்போவீர்கள். உத்தியோகம் உங்களுக்கு, வேலை எனக்கா என்று சிரிப்பேன்.

ஆறேழு வருஷம் இரண்டு நெல்லை மாற்றி மாற்றி ஒட்டுச் சேர்த்த பிறகு, ஒரு பாத்தி பச்சையாக நின்றது. நோயை வரவழைக்கவென்றே சுற்றி நட்ட நோஞ்சான் பயிர் அரைகுறையாகக் கருகியிருக்க, நடுவில் அது மட்டும் நோயில்லாமல். நான் குதித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை.

"மழை குறைச்சல், அதான் தப்பிச்சிருக்கு. தாங்குமான்னு தெரிய இன்னொரு மழை பாக்கணும்."

நீங்கள் மெயின்லேண்டு போயிருந்த வாரம் மண்டல் தாதா வந்தார். கிழக்கு வங்காளத்திலிருந்து வந்து குடியேறிய விவசாயி; அவர்கள் பேச்சில் தாதா என்றால் அண்ணன். இரண்டு வருஷமாகப் பதரையே அறுத்தவர். "பாபி, ஏக் முட்டி பீஜ் தே தோ" என்று கும்பிட்டார். ஒரு பிடி விதைதான் கேட்டார். அவர் மனைவி தலை நிமிரவே இல்லை. நான் அந்தப் பாத்தி நெல்லில் ஒரு மரக்கால் அளந்து கொடுத்தேன். நீங்களும் கொடுத்திருப்பீர்கள் என்று நினைத்தேன். பொய். எதையும் நினைக்கவில்லை.

அடுத்த மழை விடாமல் பெய்தது. குலைநோயில் நம் பாத்தியும் போயிற்று, அவர் வயலும் போயிற்று. கனமில்லாத கதிர்கள் நிமிர்ந்து நின்றன. வரப்பில் உட்கார்ந்திருந்த தாதாவிடம் போய், "கல்தி மேரா ஹை, தாதா" என்றீர்கள். தப்பு உங்களுடையதாம், கொடுக்கச் சொன்னதும் நீங்கள்தானாம். பக்கத்தில் நின்ற நான் வாய் திறக்கவில்லை. அவர் நிலத்தை விட்டு மரம் வெட்டப் போய்விட்டார். ஆபீசிலும் நீங்களே கொடுத்ததாகச் சொல்லி, ஸ்டோருக்கு மாற்றலானீர்கள். அப்புறம் ஒரு பூவையும் தொடவில்லை. என்னையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருக்கலாமே.

தாதாவும் இறந்துவிட்டார். உண்மையைச் சொல்ல இனி ஆளில்லை. குலைநோய் மட்டும் வருஷம் தவறாமல் வருகிறது.

சாமணத்தைத் துடைத்துப் பிடித்துப் பார்த்தேன். இந்த வயதிலும் என் கை நடுங்கவில்லை.