அம்மா சொன்ன 'போதாது'

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் உன் அம்மாவும் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நினைத்துக்கொண்டுதான் பேனாவைத் திறந்தேன். போனில் சொல்லலாம்தான். ஆனால் நான் வாயைத் திறந்ததுமே உன் அம்மா பக்கத்திலிருந்து, அதெல்லாம் ஒரு விஷயமா என்று வெட்டிவிடுகிறாள். ஊருக்கே முடி வெட்டுகிற எனக்கே வெட்டு. அதனால்தான் கடிதம்.

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் அவளுக்கு இத்தனை வருஷமும் அரை நாள் வேலைதான். காலையில் போர்வைகளைத் துவைத்து, உலர்த்தும் மெஷினில் போட்டுவிட்டு மதியம் வந்துவிடுவாள். வந்து, ஏற்கெனவே துடைத்த ஜன்னலை மறுபடியும் துடைப்பாள். காய்ச்சல் என்று படுத்தால் அன்றைக்குச் சம்பளம் கிடையாது. ஆனாலும் அரசாங்கக் கணக்கில் அவள் வேலையில் இருப்பவள். அரை வயிறு சாப்பிட்டவரைப் பசியாறியவர் என்று சொல்வது மாதிரிதான் இது.

இப்போது ஒரு புதுச் சட்டம் வந்திருக்கிறது. முழுநேர இடம் காலியானால், வெளியாளை எடுக்கும் முன் உள்ளே அரை நாள் வேலை பார்ப்பவர்களைத்தான் முதலில் கேட்க வேண்டுமாம். தொழிலாளர் துறையிலிருந்து ஒரு அதிகாரியம்மா சலவைக்கூடத்துக்கே வந்து, இந்த நேரம் போதுமா, இன்னும் வேலை வேண்டுமா என்று ஒவ்வொருவரையும் கேட்டிருக்கிறார். இவள் என்ன சொன்னாள் தெரியுமா? "போதுங்க."

அவளைக் குறை சொல்லி என்ன செய்ய? யார் வீட்டுக்குப் போனாலும் முதல் கரண்டியிலேயே கையை மறித்துப் போதும் என்பவள். கேள்வி காதில் விழும் முன்பே வாய் பழக்கத்தில் பதில் சொல்லிவிட்டது. அவளைப் பார்த்துப் பின்னால் நின்ற பெண்களும் போதும் போதும் என்று தலையாட்டிவிட்டார்கள். சூப்பர்வைசருக்கு வாயெல்லாம் பல். காலியான இரண்டு முழுநேர இடங்களில் ஒன்றுக்குத் தன் மச்சானைக் கொண்டுவரப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர்.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னாள். வழக்கம்போலக் கிண்டல் பண்ணினேன். அவள் கண் கலங்கியதைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன். மறுநாள் சீக்கிரமே கிளம்பினாள். துணைக்கு வரட்டுமா என்று கேட்டதற்கு, நீங்கள் போய்க் கடையைத் திறங்கள் என்றாள்.

மீதிப் பேரைக் கேட்க அந்த அதிகாரி அன்றும் வந்திருந்தாராம். சூப்பர்வைசர் நிற்கும் பக்கம் திரும்பக்கூட மாட்டாளே உன் அம்மா, அவர் முன்னாலேயே சொல்லியிருக்கிறாள்: "மேடம், நேத்து பழக்கத்துல போதும்னு சொல்லிட்டேன். போதாது. எனக்கு முழு நாள் வேலை வேணும். என்னைப் பாத்துச் சொன்னவங்களையும் இன்னொரு தடவை கேளுங்க."

சொன்னது சொன்னதுதான் என்று சூப்பர்வைசர் முணுமுணுத்தாராம். பட்டியலை இன்னும் மேலே அனுப்பவில்லையே என்று சொல்லிவிட்டு, அதிகாரி எல்லோரையும் திரும்பக் கேட்டாராம். இதில் ஒரு வார்த்தைகூட உன் அம்மா என்னிடம் சொல்லவில்லை. கூட வேலை பார்க்கும் இஸ்திரி அக்காவின் வீட்டுக்காரர் ஷேவிங்குக்கு வந்தவர், முகமெல்லாம் சோப்பு நுரையோடு சொன்னார்.

நேற்று உத்தரவு வந்துவிட்டது. இவளுக்கும் இஸ்திரி அக்காவுக்கும் முழுநேரம். எனக்குத் தலைகால் புரியவில்லை. கடைக்கு வருகிற அத்தனை பேரிடமும் சொல்லிவிட்டேன். கழுத்தில் கத்தி இருக்கும்போது யாரும் பேச்சை மாற்றுவதில்லை. என் பெண்டாட்டி என்று சொல்லிக்கொள்ளவே பெருமையாக இருக்கிறது மகளே.

இனி உன் சங்கதி. கணக்கியல் படித்துவிட்டு, அந்த ஊரில் ஒரு கடையில் சாயங்காலம் மட்டும் பில் போடுகிறாய். வேலை எப்படி என்று கேட்டால், "போதும்பா" என்கிறாய். அப்படியே உன் அம்மா குரல். இதுவரை அதைக் கேட்டு நிம்மதியாகத் தூங்கினேன். இப்போது தூக்கம் வருவதில்லை.

அதனால் இன்னொரு தடவை கேட்கிறேன். யோசித்துப் பதில் எழுது. போதாது என்று எழுதினாலும் இங்கே யாரும் முகம் சுளிக்கப் போவதில்லை. படிப்புக்கேற்ற வேலை கிடைக்கும்வரை இங்கே வந்து இருக்கலாம் என்று தோன்றினால் வா. இன்று காலை உன் அம்மா உன் கட்டிலுக்குப் புதுப் போர்வை விரித்திருக்கிறாள். எதற்கு என்று கேட்டேன். சும்மாதான் என்றாள்.

குறையில்லாமல் இரு, கண்ணு.

உன் பதிலுக்காகக் காத்திருக்கும்,
அப்பா