திவ்யாவின் முப்பத்தெட்டுப் புள்ளிகள்

ஜூன் 9, திங்.
காலையிலேயே புழுக்கம். பட்டாபிராமில் ரயில் ஏறி அம்பத்தூர் வரை நின்றுகொண்டே. வாங்க: தோசை மாவு, கறிவேப்பிலை.

அடுத்த இருபது வருஷத்துக்கு மின்கம்பி எங்கே இழுப்பது என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போடுவது எங்கள் வேலை. என் கணக்கில் மாநிலத்துக்கு ஒரு புள்ளி; தமிழ்நாட்டின் கரண்ட் தேவை மொத்தமும் அந்த ஒரே புள்ளியில். டீ வருவதற்குள் விடை. போன மாசம்தான் வேலைக்குச் சேர்ந்த திவ்யா, மாவட்டத்துக்கு ஒன்றாக முப்பத்தெட்டுப் புள்ளி வைத்திருக்கிறாள். ராத்திரி பூராவும் ஓடுகிறது. ஆனால் கலர் கலராக மேப். மேனேஜர் வாயைப் பிளந்தார். டெல்லி மீட்டிங்குக்கு யார் என்று வெள்ளிக்கிழமை சொல்வாராம். இதுவரை நான்தான் போனேன்.

வயிறு எரிகிறது. மோர் குடித்தும் அடங்கவில்லை.

10, செவ்.
ஆர்டர் பண்ணின மிக்ஸி ஜார் இன்னும் வரவில்லை. கூரியர்காரர் போனில்: "இன்னாக்கா பண்றது, திருவள்ளூர் ஜில்லா பார்சலு திருவாரூருக்குப் பூட்ச்சு. ஸ்லிப்புல அப்டித்தான் எழுதிக்கீது." இங்கிலீஷில் எழுதினால் ரெண்டும் ஒரே மாதிரிதான். அவரைத் திட்டினேன். கோபம் அவர் மேல் இல்லை.

திவ்யா புது குர்தாவில். நன்றாகவே இருக்கிறது, சனியன்.

11, புத.
மழை வருகிற மாதிரி காட்டி ஏமாற்றியது. திவ்யாவின் மேப்பை மறுபடி பார்த்தேன். திருவாரூர் செக்கச்செவேலென்று. புதுக் கம்பியெல்லாம் அங்கேயே இழுக்கச் சொல்கிறது. நெல் வயலுக்கு எதற்கு இத்தனை கரண்ட்? கும்மிடிப்பூண்டி ஃபாக்டரி, ஆவடி ஏசி என்று திருவள்ளூர் கணக்கெல்லாம் அங்கே போய் உட்கார்ந்திருக்கிறது. மிக்ஸி ஜார் கதை!

சந்தோஷம். அசிங்கமான சந்தோஷம். அவளிடம் சொல்லவில்லை. நாளை மீட்டிங்கில்.

12, வியா.
சொன்னேன். எல்லார் முன்னாலும், சிரித்துக்கொண்டே. திவ்யாவுக்கு முகம் சுண்டிவிட்டது. நன்றாயிருந்தது, ஒரு நிமிஷம்.

மேனேஜர் என் பக்கம் திரும்பி: "உங்க மாடல்ல இந்தத் தப்பு தெரிஞ்சிருக்குமா?"

தெரிந்திருக்காது. ஒரே புள்ளிக்குள் திருவள்ளூர் என்ன, திருவாரூர் என்ன.

வெளியே வந்ததும் திவ்யா கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, நீங்க சொல்லலன்னா டெல்லியில மானம் போயிருக்கும்." நிஜமாகவே சொல்கிறாள். அதுதான் தாங்கவில்லை.

13, வெள்.
வெயில். டெல்லிக்கு அவள்தான் போகிறாள். கறிவேப்பிலை மறுபடி மறந்தேன்.

லஞ்சுக்கு எல்லாரும் போன பிறகு என் புள்ளியை ரெண்டாக வெட்ட உட்கார்ந்தேன். எங்கே வெட்டுவதென்றே தெரியவில்லை. டிபன் பாக்ஸை எடுக்கத் திரும்பி வந்த திவ்யா, பின்னாலிருந்து: "காற்றாலையெல்லாம் இருக்கிற தெற்குப் பக்கத்த முதல்ல தனியாப் பிரிங்கக்கா."

சரியாகத்தான் சொன்னாள், பாவி.