உரலில் போட்ட வைரம்

மயிலாப்பூர்
ஐப்பசி 12, 1934

சிரஞ்சீவி சௌபாக்கியவதி ருக்மாவுக்கு அப்பாவின் அநேக ஆசீர்வாதம். இங்கே எல்லாரும் சௌக்கியம், உன் அம்மாவின் இருமல் உள்பட. ரங்கூனில் நீயும் மாப்பிள்ளையும் சுகமா என்று வாரத்துக்கு ஒரு வரியாவது எழுது.

பேனா மக்கர் செய்கிறது, பென்சிலால் எழுதுகிறேன். என் தங்கை காமாக்ஷிக்கு, அதுதான் உன்னைவிட ஒரே வயசு மூத்த உன் அத்தைக்கு, மந்தைவெளி கிச்சாவின் வரன் குதிர்ந்திருந்தது. கல்யாணத்துக்கு அப்புறமும் பி.ஏ. படிக்கலாம் என்று சொன்ன ஒரே பிள்ளை அவன்தான், அதனால் இது தவறிவிடக் கூடாது என்று அவளுக்கு ஒரே கவலை. புதன்கிழமை பிள்ளை வீட்டார் கிச்சாவையும் கூட்டிக்கொண்டு மூக்குத்தி வைரத்தைப் பார்க்க வந்தார்கள், தங்கத்தில் கட்டுவதற்கு முன்னால் கல்லைத் தனியாகப் பார்க்க வேண்டுமாம். கிச்சாவின் சித்தப்பா சுப்பராமன் அதை உருட்டி உருட்டிப் பார்த்துவிட்டு, "அசல் வைரம்னா அடி தாங்கும் ஓய்" என்று தன் வெற்றிலை இடிக்கிற இரும்பு உரலில் போட்டார். நான் கத்துவதற்குள் ஒரே இடி. கல் இரண்டாகிவிட்டது. மனுஷர் எழுந்து நின்று, "கண்ணாடியைக் காட்டி ஏமாத்தறேளா? காலேஜ்லே கெமிஸ்ட்ரி சொல்லிக் கொடுக்கறவர் பண்ற காரியமா இது?" என்றார். உள்ளே காமாக்ஷி கையிலிருந்த காபி டம்ளர் விழுந்த சத்தம் கூடத்துக்குக் கேட்டது.

உனக்குப் புரியும், சொல்கிறேன். இந்தப் பென்சில் முனையும் வைரமும் ஒரே கரிதான், அணுக்கள் கைகோத்திருக்கிற விதம் வேறு. பென்சிலில் ஏடு ஏடாக அடுக்கி இருக்கின்றன, ஏட்டுக்கும் ஏட்டுக்கும் பிடிப்பு சொற்பம், அதனால் வழுக்கிக் காகிதத்தில் ஒட்டுகிறது. வைரத்தில் ஒவ்வொரு அணுவும் சுற்றியுள்ள நாலு அணுவை இறுகப் பிடித்திருக்கிறது, வேறு எதுவும் அதைக் கீறாது. ஆனால் சில திசையில் குறுக்கே பிடிகள் குறைவு, அங்கே அடி விழுந்தால் வாழைப்பட்டை மாதிரி பிளந்துவிடும். கீறல் தாங்குவது வேறு, அடி தாங்குவது வேறு. இதைத்தான் சொன்னேன், யார் கேட்டார்கள்? எனக்குப் பொறுமை போயிற்று. அவர் விரலைப் பிடித்து, சிவப்புக் கெம்பு மோதிரத்தின் மேல் உடைந்த துண்டால் ஒரு இழுப்பு இழுத்தேன். நன்றாகக் கீறல் விழுந்தது. "அசல் கெம்பைக் கண்ணாடி கீறாது, வைரம்தான் கீறும். என் கல் போலின்னா உங்க கெம்பும் போலி. எது வேணும், சொல்லுங்கோ" என்றேன். மனுஷர் மோதிரத்தைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார். கிச்சாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "வைரம்னே ஒத்துண்டுடுங்கோ சித்தப்பா, கெம்பாவது மிஞ்சும்" என்றான். ஒத்துக்கொண்டார். முகூர்த்தம் தையில்.

முப்பத்தேழு வயசாகியும் முன்கோபம் போகவில்லை என்று உன் அம்மா இன்னும் திட்டி முடிக்கவில்லை. இன்னொரு கல் வாங்குகிறேன் என்றதற்குக் காமாக்ஷி, "வேண்டாம் அண்ணா, மூக்குக்கு ரெண்டு பக்கம் இருக்கே, பக்கத்துக்கு ஒண்ணு" என்று இரண்டு துண்டையும் நகை செய்கிற பத்தரிடம் அனுப்பிவிட்டாள்.

உங்கள் இருவருக்கும் பகவான் நீண்ட ஆயுளும் நிறைந்த மனசும் கொடுக்கட்டும். தை பிறப்பதற்குள் கப்பலேறி வந்து சேர். மறந்துவிடாதே, உன் வைரத் தோட்டை யார் கேட்டாலும் சோதிக்கக் கழற்றிக் கொடுக்காதே.

உன் அப்பா,
சேஷாத்ரி