பாலத்தில் நிற்கிறவன்

ஓகஸ்ட் 3, 2024. சரவணைக் கிராமம்.

ஈரேழு உலகிலும் எவரும் நம்பாத ஒரு கதையை இந்தக் கொப்பியில் எழுதப்போகிறேன் என்று இதனால் சத்தியம் செய்கிறேன்.

எங்கள் ஹோல் சுவரில் தொங்கும் இங்கிலாந்துப் படம், என் பூட்டன் ஒரு வெள்ளைக்காரத் துரையைக் கடதாசிச் சீட்டு விளையாட்டில் வென்றெடுத்தது. துரை முதலில் தொப்பியைத் தோற்றார், பிறகு குதிரையை, பிறகு ஊர்காவற்றுறைத் துறைமுகத்தை. பூட்டன் துறைமுகம் வேண்டாமென்று திருப்பிக் கொடுத்துவிட்டு இதைக் கொண்டுவந்தார். ஓர் ஆறு, கல்லுப் பாலம், நாலு மாடு, பாலத்தில் முதுகைக் காட்டியபடி அரிசியளவில் ஓர் ஆள்.

தங்கச்சியின் மகள் துஷாந்தி கொழும்பில் பழைய படங்களைத் திருத்துகிறவள். நாளை வருகிறாள். என் மனைவி மீனலோசனி போய்ச்சேர்ந்து ஒரு வருஷம். அவள் துடைத்து வைத்திருந்த படத்தையாவது காப்பாற்ற வேண்டும்.

ஓகஸ்ட் 4

துஷாந்தி சட்டத்தைக் கழற்றி உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தாள். நான் கதை சொல்லித் துரையின் குதிரைவரை வந்தபோது, “மாமா, கொஞ்சம் பேசாமல் இருங்கோ” என்றாள்.

தீர்ப்பு: நீர்வண்ணம்தான். நூற்றைம்பது வயதிருக்கும். கையெழுத்து இல்லை. பின்மட்டை கடதாசியை அரிக்கிறது. மாற்றினால் இன்னும் நூறு வருஷம் கிடக்குமாம். ஆயிரமென்று எழுதச் சொன்னேன்.

ஓகஸ்ட் 5

பாலத்து ஆளின் தலையில் மஞ்சள் கறை. பூஞ்சணம் இல்லையாம்.

ஓகஸ்ட் 6

சந்தனம்.

“படை படையாய்க் கிடக்கு மாமா. ஆரோ கனகாலமாய் வைச்சிருக்கினம்.”

ஆரோ. இந்த வீட்டில் நானும் அவளும்தான். படத்தின் கண்ணாடி இடப்பெயர்விலேயே உடைந்துபோனது.

2009இல் நான்தான் அவளுக்குச் சொன்னேன்: ரெலிபோன் வந்தது, எங்கள் மகன் பிரதாபன் வன்னியிலிருந்து தப்பிவிட்டான், இங்கிலாந்தில் நிற்கிறான் என்று. படத்தையும் காட்டினேன். “இஞ்ச பாரும், உம்மட மோன் பாலத்தில நிக்கிறான். கடிதம் போடாத வெட்கத்தில முதுகைக் காட்டுறான்.” சிரித்தாள். வருஷா வருஷம் அவனுக்கு மாடு வாங்கிக் கொடுத்தேன். கடைசியில் முந்நூறு மாடு. ராணி வீட்டுக்குப் பால் கொடுப்பதே அவன்தான். “ஓம், ஓம்” என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

உயிரோடு இருக்கிற பிள்ளையின் படத்துக்கு எந்தத் தாய் பொட்டு வைப்பாள்? செத்தவைக்கெல்லோ வைக்கிறது —

அப்ப அவளுக்குத் தெரியும். பதினாலு வருஷமும் தெரியும். நான் அவளை ஏமாத்திறன் எண்டு நினைச்சனான். அவள் எனக்காகச் சிரிச்சிருக்கிறாள். நான் சந்தைக்குப் போற நேரம் பார்த்துத் தனிய நிண்டு வைச்சிருப்பாள். தனிய அழுதும் இருப்பாளோ?

ஓகஸ்ட் 7

“கறையை எடுக்கலாம் மாமா. ஆனா பொட்டோட ஆளும் போயிடும்.”

“அப்ப விடு பிள்ளை.”

“விலைப்படாது.”

“துறைமுகத்தையே வேண்டாமெண்ட பரம்பரை நாங்கள்.”

துஷாந்தி சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஓகஸ்ட் 9, வெள்ளி

புது மட்டை, புதுக் கண்ணாடி. நான் சந்தனம் உரைத்துக்கொண்டு வர, “இனிக் கண்ணாடிக்கு மேல வையுங்கோ மாமா” என்றாள். வைத்தேன். ஒரு மாட்டுக்கும் பட்டுவிட்டது.

துரை பொய். துறைமுகம் பொய். இங்கிலாந்தும் முந்நூறு மாடும் பொய். ரெலிபோன் வந்தது மட்டும் உண்மை. பேசியவன், பிரதாபனைத் தன் கையால் புதைத்த பொடியன்.