பெரியம்மாவின் எழுபத்தெட்டு

2025 மார்ச் 4, செவ்வாய்

இதய கிளினிக்கில் இன்று நாற்பத்தொரு பேர். வீங்கிய கால், இளைக்கும் மூச்சு. அவர்களுடைய எடை, பிரஷர், மாத்திரை விபரம் எல்லாவற்றையும் நான் கணினியில் தட்டுகிறேன். ஒரு வருடத்துக்குள் நிலைமை கைமீற நூற்றுக்கு எத்தனை வாய்ப்பு என்று செயற்கை நுண்ணறிவு ஓர் எண் சொல்லும். அறுபதைத் தாண்டினால் கொழும்பு பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். பதுளையில் நான் பார்த்த வேலைகளில் உட்கார நாற்காலி தந்தது இது ஒன்றுதான்.

மார்ச் 6, வியாழன்

லுணுகலையிலிருந்து பெரியம்மா வந்தார். பாக்கியலெட்சுமி, வயது ஐம்பத்திரண்டு, தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறிப்பவர்.

78.

மூன்று மாதத்தில் உடம்பில் ஐந்து கிலோ நீர் ஏறியிருக்கிறது. டொக்டர் ஆரூரன் திரையைப் பார்த்துக் கண்ணாடியைக் கழற்றினார். "மருந்து குடிச்சும் இப்பிடியெண்டால், இனி மருந்து கேக்காது பிள்ளை."

நெஞ்சுக்குள் கருவி வைக்கலாமா என்று கொழும்பில் பார்ப்பார்களாம். சித்திரை வருசத்துக்கு முன் திரும்பிவிடலாமா என்று மட்டும் பெரியம்மா கேட்டார்.

மார்ச் 7

அம்மா போனில் அழுகிறார். அந்த எண்ணை நான்தானே வரவழைத்தேன்?

மார்ச் 9, ஞாயிறு

பெரியம்மா இருக்கும் லயத்துக்கு, தோட்டத்து வரிசை வீட்டுக்கு, போனேன். கொழும்புக்குக் கட்டிய பையில் மாத்திரைகளைப் பார்த்தேன். நீர் இறங்கும் மாத்திரை மட்டும் அட்டை அட்டையாக முக்கால்வாசி அப்படியே இருக்கிறது.

"அதப் போட்டா அரை மணிக்கொருக்கா ஒண்ணுக்கு முட்டுதுடி. மலையில கக்கூஸ் எங்க இருக்கு? மேல ரோட்டு, கீழ கங்காணி. ஞாயித்துக்கிழம போடுறேன்ல."

கிளினிக் நாளிலும் இல்லை. பஸ்ஸில் இரண்டு மணி நேரம்.

ஏன் டொக்டரிடம் சொல்லவில்லை?

"ஆம்பளைக்கிட்ட இதப் போயி சொல்லுவாங்களா?"

மாத்திரை ஒழுங்காகப் போடுகிறீர்களா என்று வியாழக்கிழமை கிளினிக்கில் நான் கேட்டபோது தலையாட்டினார். நான் 'ஆம்' என்று தட்டினேன். அந்தப் பொய்யை வைத்து கணினி மிக ஒழுங்காகக் கணக்குப் பார்த்திருக்கிறது.

திரும்பும் வழியெல்லாம் எனக்குள் ஏசிக்கொண்டே வந்தேன்: மலை மலையா தேயில நட்டிருக்கானுங்க. ஒரு குழி, ஒரு கதவு — அதுக்கு எடமில்லையாம். நெஞ்சைக் கிழித்துக் கருவி வைக்க மட்டும் வழி இருக்கிறது!

மார்ச் 11, செவ்வாய்

டொக்டரிடம் சொன்னேன். பெரியம்மாவுக்கு அவரே போன் எடுத்தார். மாத்திரையை மலையிலிருந்து இறங்கி நாலு மணிக்குப் போடவேண்டும், தோட்ட மருந்தகத்தில் கிழமைக்கொருமுறை எடை பார்க்கவேண்டும். கொழும்பு ஒரு மாதம் தள்ளிப்போகிறது.

வரிசையில் நின்ற தோட்டத்துப் பெண்கள் பதினொரு பேரைத் தனித்தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். ஏழு பேர் இதே கதை.

மார்ச் 20

'வேலை செய்யும் இடத்தில் கழிப்பறை உண்டா?' என்று படிவத்தில் ஒரு கேள்வி சேர்க்கச் சொல்லியிருந்தேன். அதற்கு ஆய்வு ஆதாரம் போதாது என்று இந்தக் கணினித் திட்டத்து மேலாளர் பதில் எழுதியிருக்கிறார். ஒரு நாள் மாத்திரையைப் போட்டுக்கொண்டு மலையேறிப் பாருங்கள் என்று திருப்பி எழுதினேன். நாற்காலி எத்தனை நாளைக்கோ.

ஏப்ரல் 8, செவ்வாய்

பெரியம்மாவுக்கு நாலரைக் கிலோ இறங்கிவிட்டது. எண் 44. விளையாட்டில்லை, தொடர்ந்து வரவேண்டும் என்றார் டொக்டர். ஆனால் கொழும்பு இப்போதைக்கு வேண்டாம். நாற்காலியும் இருக்கிறது. படிவத்தில் என் கேள்வி இன்னும் இல்லை. நோயாளியின் கிளினிக் அட்டை ஓரத்தில் பேனாவால் எழுதிக் கேட்கிறேன்.

ஏப்ரல் 12, சனி

அம்மா போன். லயத்தில் ஆறு வீட்டுக்கு ஒரு கக்கூஸ். நேற்று பெரியம்மாவுக்கு அவசரமான நேரத்தில் பக்கத்து வீட்டுச் சின்னராசா உள்ளே போனில் படம் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறான். பெரியம்மா வாசலில் நின்று அவனை, அவன் அப்பனை, போனைக் கண்டுபிடித்தவனை எல்லாம் ஏசித் தள்ளிவிட்டாராம். கால் மணி நேரம். ஓரிடத்திலும் மூச்சு வாங்கவில்லையாம்.

லயத்துக்கே கேட்டுவிட்டது என்று அம்மாவுக்கு வெட்கம். நான் முதலிலிருந்து இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன்.