வாங்கில் இருந்தவரின் முகம்

சனி, ஒக்ரோபர் 18

நகரத்தைக் கறுப்பு வெள்ளைச் சித்திரக்கதைகளாகக் கீறி வைத்த என் முதல் கண்காட்சி இன்று தொடங்கியது. சனம் நிறைய வந்தது. எனக்குத்தான் மனம் சரியில்லை.

மத்தியானம் கொழும்புத்துறையிலிருந்து ஒரு அக்கா வந்தார். ஆஸ்பத்திரிப் படத்துக்கு முன்னால் நின்றவர் அசையவேயில்லை. மனநலப் பிரிவின் வாசலில், மடித்த குடையோடு மர வாங்கில் உட்கார்ந்து காத்திருக்கும் ஒரு பெண்ணின் படம் அது. போன மாதம் எதிரே நின்று பார்த்துக் கீறியது.

"தம்பி, உது நான்தானே?" என்று கேட்டார்.

ஓம் என்றேன். அடையாளம் கண்டுவிட்டாரே என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

"நல்லாத்தான் கீறியிருக்கிறியள். ஆனால் மகளுக்குக் கலியாணம் பேசுறம். நான் அங்கை மருந்து எடுக்கிறது வீட்டிலையே ஒருதருக்கும் தெரியாது. என்ரை முகத்தை அழிச்சு விடுங்கோ தம்பி."

படத்தின் சட்டத்தைக் கழற்றி, அவர் பார்த்திருக்கவே முகத்தில் மை பூசினேன். மை காயும் வரை நின்றுவிட்டுத்தான் போனார். நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். படம் பழுதாகிவிட்டதே என்ற எரிச்சல்தான் அப்போது இருந்தது.

பின்னேரம் உடுவிலிலிருந்து வந்த ஒரு சித்திர ஆசிரியர் அதே படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார்.

"மற்றப் படங்களிலை எல்லாருக்கும் முகம் வைச்சுப்போட்டு இவவுக்கு மட்டும் வைக்காமல் விட்டீர் பாரும், அதுதான் உம்மடை திறமை" என்றார்.

நன்றி சேர் என்றேன். அவர் போட்டோ எடுக்கக் கேட்டதும், அந்தப் படத்துக்குப் பக்கத்தில் நின்று அவருடைய கைபேசிக்குச் சிரித்தும் கொடுத்தேன்.