பட்டறைக் குழியில் இரண்டு வெடி

1957 அக்டோபர் 7, திங்கள்

விடிந்தது முதல் தூறல். குடைக் கம்பி ஒன்று முறிவு. சட்டைகள் காயவில்லை.

காஜா பெராங் லாரிப் பட்டறையில் வெள்ளிக்கிழமை நடந்த வெடி. பத்திரிகை ஆசிரியர் தொலைபேசியில்: "நாலு வரி போதும். சுருட்டு பத்த வச்சான், வெடிச்சிது. முடிங்க." முடிக்கவில்லை. மருத்துவமனைக்குப் போனேன்.

வெல்டர் வீராசாமி (இனி வீ.). இரு கைகளிலும் கட்டு. இவர் சுருட்டுப் பற்றவைத்ததால்தான் வெடித்தது என்று பட்டறை முதலாளி, தவுக்கே, எழுதிக் கொடுத்திருக்கிறார். அது நிலைத்தால் நஷ்ட ஈடு கிடையாது, வேலையும் போய்விடும். தொழிலாளர் அலுவலகத்தில் விசாரணை, வியாழன்.

"சுருட்டு குடிப்பேங்கய்யா, இல்லேங்கல. அப்ப குடிக்கல. எதிர்ல வெல்டிங் நெருப்பு எரியிது, சுருட்டா தேடுவேன்?"

மனைவி அஞ்சலை, ஆரஞ்சு உரித்தபடி: "வீட்டுப் பாய் பூரா சுருட்டு சுட்ட ஓட்டை. அதையும் எழுதிக்கிங்க."

வீ. சிரித்தார். பிறகு இருமல்.

வெடி இரண்டு என்கிறார். முதலில் காற்று அடித்துக்கொண்டிருந்த டயர், உடனே தீ. வெல்டிங் நெருப்போ காலையிலிருந்தே எரிந்திருக்கிறது. அதுவரை ஏன் பற்றவில்லை? அவருக்கும் தெரியவில்லை.

அக்டோபர் 8, செவ்வாய்

நல்ல வெயில். பட்டறை. லாரிக்கு அடியில் இறங்கி வேலை செய்யும் குழி, சுவரெல்லாம் கரி. குழி ஓரத்திலேயே கிழிந்த டயர்.

எதிர்த் தேநீர்க்கடைக்காரர்: "ரெண்டு சத்தம் லா. மொத சத்தத்துல கிளாஸ் நழுவிருச்சி. அது தரையத் தொடுறதுக்குள்ள ரெண்டாவது!" தீயணைக்க வந்த பொம்பாக்காரர்களிடம் சொன்னாரா? "கேட்டாத்தானே?"

குழியில் இன்னும் பெட்ரோல் வாடை. சுத்தியல், ஸ்பேனர் எல்லாம் பளபளப்பு, பிடிகளில் குங்குமம். போன புதன்கிழமை ஆயுத பூஜை.

மாலை மீண்டும் மருத்துவமனை. குழியின் பெட்ரோல் வாடையைப் பற்றி வீ.யிடம் கேட்டேன்.

"சாமானெல்லாம் பெட்ரோல்ல கழுவினோம். தவுக்கேதான் குடுத்தாரு, வருசா வருசம் குடுப்பாரு. கழுவின பெட்ரோல நான்தான் குழிக்குள்ள தள்ளினேன். மேல பலகை போட்டு, இலை விரிச்சி, சாமி கும்புட்டோம். வியாழக்கிழமை பூரா பூட்டு."

அஞ்சலை: "இத மட்டும் எழுதிராதீங்கய்யா. சாமி காரியத்தால வெடிச்சிதுன்னு ஊரு சிரிக்கும். பழி மறுபடி இவரு தலையிலதான்."

வாக்குக் கொடுக்கவில்லை.

அக்டோபர் 9, புதன்

பல்வலி. கிராம்பு.

அறிவியல் ஆசிரியர் தங்கராஜா, யாழ்ப்பாணத்தவர். டயர் வெடித்தால் தீ எப்படிப் பற்றும் என்று கேட்கப் பள்ளி ஆய்வுக்கூடம் போனேன். கண்ணாடித் தொட்டி, சுற்றிலும் மீன்சந்தை ஐஸ். சாம்பிராணிப் புகையை உள்ளே விட்டார். குளிர்ந்து அடியில் தங்கிற்று, குளம்போல. தொட்டியின் வாயில் சைக்கிள் டியூப் ரப்பரை இழுத்துக் கட்டினார்.

"பெட்ரோல் ஆவி காத்தைவிடப் பாரம். குழிக்குள்ள இப்பிடித்தான் கிடந்திருக்கும். தனி ஆவி எரியாது, காத்து கலக்க வேணும். இரண்டுக்கும் நடுவில எல்லை இருக்குது பாருங்கோ, அது மட்டமெண்டு நினைக்காதேங்கோ. நெளிவு இருக்கும்."

ரப்பரில் ஒரு அடி. புகையின் மேற்பரப்பில் நெளிவுகள் வளர்ந்தன. புகை விரல் விரலாக மேலே, நுனி காளான் குடைபோல. இடையில் காற்று குமிழ் குமிழாகக் கீழே. சற்று நேரத்தில் எல்லையே இல்லை.

"டயர் வெடிச்ச அதிர்ச்சி அலை ஒருக்கா அடிக்கும். குழியின்ர அடியில மோதித் திரும்பி வந்து இன்னொருக்கா அடிக்கும். கலந்தது மேல வந்தால், நெருப்பு அங்க தயார்."

இதற்குக் கணக்கு உண்டா என்றேன். மெதுவான தள்ளலுக்கு உண்டாம். ஒரே அடிக்கு யாரும் தெளிவாக எழுதி அவர் பார்த்ததில்லை.

குறிப்பு: தொட்டியில் பார்த்தது வெறும் தள்ளல், அதிர்ச்சி அலை அல்ல. விளக்கம்தான், சாட்சி அல்ல. இதையும் எழுத வேண்டும்.

பெட்ரோலை விட்டுவிட்டு டயரை மட்டும் எழுதினால் பாதிப் பொய். இரண்டையும் எழுதுவேன். அஞ்சலையிடம் நேரில் சொன்னேன். எழுந்து போனார்.

அக்டோபர் 10, வியாழன்

மேகமூட்டம். விசாரணை. மின்விசிறி ஓடவில்லை.

தங்கராஜா விளக்கினார். அதிகாரி தாடையைத் தடவினார். தவுக்கேயின் கணக்கப்பிள்ளை: "அப்ப குழியில பெட்ரோல் எங்கேருந்து வந்துச்சாம்? வானத்துலேருந்தா?"

எனக்குப் பதில் தெரியும். ஆனால் சொல்ல வேண்டியவர் வீ.

கட்டுப் போட்ட கைகளோடு எழுந்தார். "நான் தள்ளினேன். பூஜைக்குக் கழுவின பெட்ரோலு. தப்புதான். சுருட்டு பத்த வைக்கல."

அதிகாரி தவுக்கே பக்கம் திரும்பினார். பெட்ரோல் கொடுத்தது யார்? டயருக்குக் காற்று அடித்தது யார்?

தவுக்கே தொப்பியை மடியில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார். பிறகு மலாயில், மெதுவாக: பெட்ரோல் தன்னுடையது. காற்று அடித்ததும் தானே. டயர் பழையது. சுருட்டைத் தன் கண்ணால் பார்க்கவில்லை.

சுருட்டுக் குற்றச்சாட்டு தள்ளுபடி. நஷ்ட ஈடு உண்டு. தொகை பிறகு.

வெளியே அஞ்சலை என்னைப் பார்க்கவில்லை. வீ. நின்றார்.

"எழுதிட்டீங்களாய்யா?"

"இன்று எழுதுவேன். பெயர் வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறேன்."

"போடுங்க. தள்ளினவன் பேரும் வரட்டும். அப்பா பேரோட, முழுசா."

அப்பா பெயரைக் கேட்டேன். அஞ்சலைதான் சொன்னார், எழுத்தெழுத்தாக.